ஊசியைப் பார்த்தவனின் பாலக்காட்டுப் பயணம்

முதல் நாள்: பொள்ளாச்சி, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு

"அங்க போறதுக்கு எதுக்குங்க ஆறு நாளு? காலையில போனா சாயங்காலம் திரும்பிடலாமே" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்விதான். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வந்துவிடுகிறது. இதைப் பயணம் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஐம்பத்தெட்டு வருஷத்தில் இந்தப் பக்கம் நான் வந்ததெல்லாம் சபரிமலைக்கும் குருவாயூருக்கும் போகிற வழியில், வேன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடிதான்.

1986 முதல் 2004 வரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ரூல் போட்ட பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷ கேசட், ஏ பக்கம் ஏழு பாட்டு, பி பக்கம் ஏழு பாட்டு. மிஞ்சும் இடத்தில் 'அண்ணா, ஏதாவது நல்ல மியூசிக்கா போட்டு விடுங்க'. ஆயிரக்கணக்கில் பதிந்து கொடுத்திருக்கிறேன். எவ்வளவு பாட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று ஆச்சரியப்படுகிறவர்களிடம் உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் பாட்டுக் கேட்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெக்கில் இரண்டு சின்ன ஜன்னல் இருக்கும், உள்ளே ஊசி ஆடும். சிவப்புக்குப் போனால் குமிழைத் திருகிக் குறைக்க வேண்டும். பதினெட்டு வருஷம் செய்தது அந்த வேலைதான்.

அந்தக் கேசட்டுகளில் பாடியவர்கள், மெட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பது கடையை மூடின பிறகுதான் மண்டையில் ஏறியது. ஊர் ஊராகப் போய்ப் பார்க்கலாம், முடிந்தால் காதைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம், அவ்வளவுதான் திட்டம்.

முதலமடையைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் மாந்தோப்பு. மாசி வெயிலில் பிஞ்சுகள் தொங்குகின்றன. கொல்லங்கோட்டில் இறங்கினால் தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி நிற்கிறது. வயல் நடுவே ஒற்றைப் பனைகள். இப்போது இது சுற்றுலா ஊராகிவிட்டது. வரப்பில் நின்று ரீல் எடுக்கிற கூட்டம். அவர்கள் போடுகிற பாட்டெல்லாம் போன மாசத்துப் பாட்டு. எனக்கோ கொல்லங்கோடு என்றால் கர்நாடக சங்கீதப் பாடகர் கே.வி. நாராயணசாமியின் பெயரில் இருக்கிற 'கே'. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரிடமும் பிறகு பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடமும் கற்றவர். கடையில் அவர் கேசட் அதிகம் போகாது. வாங்குகிறவர்கள் மட்டும் பேரம் பேச மாட்டார்கள்.

சாயங்காலம் பக்கத்தில் வடவன்னூர். எம்.ஜி.ஆரின் குடும்ப வீட்டை நினைவில்லமாக்கி வைத்திருக்கிறார்கள். கண்டியில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னையை ஆண்டவருக்கு வேர் இந்த ஓட்டு வீட்டில். பத்து நிமிஷம் நின்றேன். போட்டோக்கள் எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. வீட்டு முற்றம்தான் நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள்: எலப்புள்ளி

கொழிஞ்சாம்பாறை வழியாக வந்தேன். கேரள எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று பஸ்ஸின் போர்டு சொல்கிறது. உள்ளே பேச்சு முழுக்கத் தமிழ். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஆடு விலையைப் பற்றிப் பொள்ளாச்சிச் சந்தைக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

எலப்புள்ளியில் 1928 ஜூன் 24 அன்று எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தவர். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் என்பார்கள். அந்தப் பையன்தான் பிறகு என் கடையின் வாடகையைக் கட்டினான். பட்டியல் கொண்டுவருகிறவர்களில் நாற்பது தாண்டியவர்கள் எல்லோருக்கும் ஏ பக்கம் அவர்தான்.

டீக்கடையில் விசாரித்தேன். பையன் ஒருவன் செல்போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "ஓ, மரிச்சு போயல்லோ" என்று எனக்குச் செய்தி சொன்னான். 2015லேயே போய்விட்டார் தம்பி என்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் மட்டும் தலையைத் தூக்கி, 1973இல் வந்த ஒரு மலையாளப் படத்தில் விஸ்வநாதன் தன் குரலிலேயே பாடிய பாட்டை இரண்டு வரி முனகினார். நன்றாகவே முனகினார். அப்புறம் "நிங்கள் தமிழர்க்கு விஸ்வநாதன், எங்களுக்கு இந்த ஒரு பாட்டு மதி" என்றார். அதாவது இந்த ஒன்றே போதுமாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நூறு பாட்டு வைத்திருக்கிறவன் ஒன்றையும் முழுசாக வைத்திருப்பதில்லை.

டீ குடித்தபடி ஒரு கணக்குப் போட்டேன். தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறதே, அதன் சொற்கள் மனோன்மணீயம் சுந்தரனாருடையவை. அவர் பிறந்தது 1855இல் ஆலப்புழையில், வேலை பார்த்தது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில். 1891இல் அச்சான நாடகத்தின் தொடக்க வாழ்த்து அது. 1970இல் அரசு விழாக்களில் பாடவேண்டும் என்று முடிவானபோது மோகனத்தில் மெட்டுப் போட்டவர் இந்த எலப்புள்ளிக்காரர். இசைத்தட்டில் பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். ஒருவர் வீட்டில் சௌராஷ்டிரம், இன்னொருவர் வீட்டில் தெலுங்கு. மெட்டுப் போட்டவர் வீட்டில் மலையாளம். ஐம்பத்தைந்து வினாடிப் பாட்டு. பள்ளிக்கூடத்தில் வெயிலில் நின்று பாடியபோது யார் வீட்டில் என்ன மொழி என்று எங்கள் தமிழ் ஐயா சொல்லித்தரவில்லை. எங்களுக்கும் எப்போது முடியும், வகுப்புக்குப் போய் உட்காரலாம் என்பதுதான் கவலை.

அந்த மெட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. மோகனம் ஐந்தே சுரம், மூன்று மூன்றாக நடக்கிற தாளம். குரலே வராத ஆள்கூட நூறு பேரோடு சேர்ந்தால் சுருதி விட்டு ரொம்ப தூரம் போய்விட முடியாது. கூட்டத்துக்காகப் போட்ட மெட்டு. அதைப் போடத் தெரிந்தவன் பெரிய ஆள்.

மூன்றாம் நாள்: மலம்புழை

வெயில் அதிகம், எழுத்துக் குறைவு.

அணையை 1955இல் காமராஜர் திறந்துவைத்தார். அப்போது மலபார் ஜில்லா சென்னை ராஜ்ஜியத்தில்தானே இருந்தது. தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்த யட்சி உட்கார்ந்திருக்கிறாள். முப்பது அடி, உடம்பில் ஒரு துணி இல்லை, கால்களை நீட்டி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கண் பாதி மூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. இப்போது குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் பாட்டி மட்டும் பேரனின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தான் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோவில் அவளைப் பார்த்திருக்கிறேன், ஆபாசமும் தெரியவில்லை, அழகும் தெரியவில்லை. நேரில் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவள் நம்மைப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிற மலையோடு ஏதோ பேச்சு அவளுக்கு. நாம் வந்ததும் போனதும் அவளுக்கு ஒரு கணக்கே இல்லை.

உடைந்த வளையலும் ஓட்டுச் சில்லும் வைத்து நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. சண்டிகரில் இருப்பதன் தம்பி. கெட்டிக்காரத்தனமான வேலை. யட்சியைப் பார்த்த கண்ணோடு போயிருக்கக் கூடாது.

நான்காம் நாள்: கல்பாத்தி, கோட்டாயி

'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். ஆற்றுக்குப் படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேலே விஸ்வநாதர் கோயில், கோயிலைச் சுற்றித் திண்ணை வைத்த வீடுகள். தேர் ஐப்பசியில், அது முடிந்து எத்தனையோ மாசமாகிவிட்டதால் தெரு அமைதியாக இருந்தது. ஒரு திண்ணையில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். "கொண்டாட்டம் எத்தனை வேணுமாக்கும்?" என்றார் மாமி. இங்கே வற்றலுக்குப் பெயர் கொண்டாட்டம். சுண்டைக்காய்க்கு இதைவிட மரியாதை எந்த ஊரிலும் கிடைக்காது.

மாமிக்கு நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். "மணி ஐயர் கச்சேரிக்கெல்லாம் எங்க அம்மா போயிருக்கா. நான் குழந்தை. நான் தூங்கிண்டிருந்தேனாம்."

பாலக்காடு மணி ஐயருக்கு மைக் பிடிக்காது. அது ஊரறிந்த பிடிவாதம். ஒரு கட்டத்தில் மைக் வைத்த மேடையில் வாசிக்கவே மாட்டேன் என்று நின்றவர். கடை நடத்திய காலத்தில் இதைக் கேட்டபோது, பெரிய வித்வான்களுக்கு ஒரு கிறுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது கல்பாத்தித் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் கன்னம் சுடுகிறது. மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதில் மணிக்கட்டை அழுத்தித் தள்ளினால் 'கும்ம்' என்று வளைந்து ஏறும் ஒரு நாதம், கும்கி என்பார்கள். அது வந்தால் என் டெக்கில் ஊசி சடாரென்று சிவப்புக்கு ஓடும். நான் என்ன செய்வேன்? குமிழைக் குறைப்பேன். அதாவது அவர் ஆயுசு முழுக்கப் பழகிய இடம் எதுவோ, அங்கே வந்ததும் கை தன்னால் போய் அதை அமுக்கிவிடும். வாடிக்கையாளரிடம் 'சுத்தமாகப் பதிஞ்சிருக்கேன் சார்' என்று பெருமையாக வேறு கொடுத்திருக்கிறேன். நானே ஒரு மைக்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

மத்தியானம் பஸ்ஸில் கோட்டாயி. செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர். 1896இல் பிறந்தவர், மைக் மேடைக்கு வராத காலத்தில் பாடிப் பழகிய தொண்டை. இளம் மணி ஐயரைத் தன் கச்சேரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேடையேற்றியவர்களில் அவர் முக்கியமானவர். அப்படிப்பட்ட குரல் 1950களின் தொடக்கத்தில் திடீரென்று ஒருநாள் போய்விட்டது. குருவாயூரப்பனிடம் போய் நின்றார், வைத்தியமும் நடந்தது, குரல் திரும்பியது. அதற்கப்புறம் பாடிச் சம்பாதித்ததில் பெரும்பகுதி அந்தக் கோயிலுக்கே என்று ஆக்கிக்கொண்டார். 1974இல் ஒற்றப்பாலம் பக்கத்துக் கோயில் ஒன்றில் கச்சேரி பாடி முடித்த கையோடு உயிர் போனது. பாடுகிற ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சொல்வது எளிது. குரல் இல்லாமல் அவர் இருந்த நாட்களைப் பற்றித்தான் நான் பார்த்தசாரதி கோயில் வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் யாரும் இல்லை, கேட்க வைக்கக் குரலும் இல்லை. அப்போது மனசுக்குள் பாடினாரா?

கார்த்திகை பிறந்தால் என் கடையில் யேசுதாஸ் ஐயப்பன் கேசட்டுக்கு வரிசை நிற்கும். ஒரு மாசத்து வியாபாரம் மீதி வருஷத்தைத் தாங்கும். அந்த யேசுதாஸ் இந்தச் செம்பையின் சீடர். என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எந்தக் கிணற்றிலிருந்து வந்த தண்ணீர் என்று நேற்றுவரை நான் யோசித்ததில்லை.

ஐந்தாம் நாள்: ஷொர்ணூர் பக்கம், ஒரு பகவதி காவு

இதற்காகத்தான் மாசியில் வந்தேன். தோல்பாவைக்கூத்து. தை முதல் சித்திரைவரை பாரதப்புழைக் கரைக் காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், நடக்கும். சில காவில் ஏழு இரவு, சில காவில் பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று, எழுபத்தொன்றுகூட உண்டு. கதை ராமாயணம், பாட்டு கம்பன். மலையாளத்து நடுவில், மலையாளிகள், மலையாளத்து அம்மனுக்கு, தமிழில் நடத்துகிற கூத்து.

ஏன் அம்மனுக்கு? தாரிகன் என்ற அசுரனோடு பத்ரகாளி சண்டையில் இருந்த அதே நேரத்தில் அங்கே ராம ராவண யுத்தம் முடிந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை. பார்க்காததை அவளுக்குக் காட்டுகிறார்கள். அதனால் கூத்துமாடம் சன்னதியைப் பார்த்து நிற்கிறது. மனிதர்கள் வந்தால் வரலாம், வராவிட்டால் யாரும் அழைக்கப்போவதில்லை.

இரவு பத்து மணிக்குப் போனேன். நாற்பது அடிக்கு மேல் நீளமான மாடம், முன்னால் வெள்ளைத் துணி, அதன் அடியில் கறுப்புப் பட்டை. துணிக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு. சன்னதியிலிருந்து எடுத்து வந்த தீயில்தான் ஏற்றினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், பார்வையாளர் பதினொரு பேர், மூன்று நாய்.

என் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். சின்ன வயதில் காசு இல்லாமல் படம் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. திரைக்குப் பின்பக்கம் போய் மண்ணில் உட்கார்ந்துவிட வேண்டும். படம் தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான், எழுத்தெல்லாம் தலைகீழ் பாஷை. எம்.ஜி.ஆர். இடதுகைக்காரர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இங்கே துணி அசைந்து, முதல் பாவை வந்து, ஆட்டுத்தோலில் குத்திய ஓட்டைகள் வழியாக ஒளி புள்ளி புள்ளியாகச் சிதறியபோது எனக்கு அந்த மண்தான் ஞாபகம் வந்தது. விளக்கு, திரை, பின்னாலிருந்து வருகிற குரல். சினிமாவுக்கு வேறு என்ன வேண்டும்? ஒன்றே ஒன்று, இங்கே சுடர் நடுங்குவதால் ராமனும் சேர்ந்து மூச்சு விடுகிறான்.

ஆடுகிறவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். கம்பன் பாட்டையும், வழிவழியாக வந்த வசன விளக்கத்தையும் சேர்த்த ஏட்டுக்கு ஆடல்பற்று என்று பெயர். ஒருவர் பாட்டைச் சொல்ல, மற்றவர் கேள்வி கேட்க, கதை நின்றுவிட்டு விவாதம் ஓடுகிறது. இடையில் காசு கொடுத்த குடும்பங்களுக்கு வாழ்த்து. செல்போன் தலைமுறைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எனக்கே சோதித்தது, பொய் சொல்வானேன்.

நள்ளிரவுக்கு மேல் ஓர் இடைவெளியில் இளம் புலவர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டார். சுவரோரம் பாவைகள் முறைப்படி அடுக்கியிருந்தன. எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. "சேட்டன் தமிழ்நாட்டில் நின்னாணோ? பாட்டில் தெற்று உண்டெங்கில் பறயணும்" என்றார். தப்பு இருந்தால் நான் திருத்த வேண்டுமாம். கம்பனை எனக்குப் பத்தாம் வகுப்பு மனப்பாடப் பகுதியோடு சரி. நெளிந்தேன். அன்றைய கதை கும்பகர்ணன் என்பதால் ஏதாவது கேட்போமே என்று, "கறங்கு போல விற்பிடித்த" என்று பாட்டில் வருமே, கறங்கு என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மேலே விரலைச் சுற்றிக் காட்டினார். "கறங்ஙுந்நது. ஃபேன் கறங்ஙில்லே, அது போலே. காற்றாடி." கம்பனின் சொல், எங்கள் வீட்டில் செத்துப் போன சொல், இவர் வீட்டில் சீலிங் ஃபேனில் சுற்றிக்கொண்டிருக்கிறது! அப்புறம் அவருடைய தமிழை நான் எங்கே திருத்துவது?

வெளியே வந்து பாயில் உட்கார்ந்தேன். மணி இரண்டு. அண்ணன் ராவணன் அனுப்பிய ஆட்கள் கும்பகர்ணனை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். "உறங்குகின்ற கும்பகன்ன" என்று தொடங்கி, "எழுந்திராய் எழுந்திராய்" என்று பறையும் இலத்தாளமும் அதிர, மாடமே குலுங்கியது. என் வலப்பக்கம் ஒரு பெரியவர் குறட்டை. இடப்பக்கம் இரண்டு பையன்கள் ஒரே போர்வையில். நாய்களும் சுருண்டுவிட்டன. எழுந்திராய் என்று கத்தக் கத்த எல்லோரும் தூங்குகிற இந்த வேடிக்கையை ரசித்தபடி செல்போனை மடியில் வைத்து ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். பழைய புத்தி. முதல் வேலையாகத் திரையில் ஆடுகிற பச்சைக் கோட்டைத்தான் பார்த்தேன், சிவப்புக்குப் போகிறதா என்று.

கோட்டைப் பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தது ஞாபகம் இருக்கிறது. கும்பகர்ணன் எழுந்து சோறு கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் விடிந்திருந்தது. துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள்: ரயிலில்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி ரயில். இந்தப் பாதையை அகலப்பாதையாக்க வருஷக்கணக்கில் மூடி வைத்து 2015இல்தான் திறந்தார்கள். முதலமடை ஸ்டேஷனில் ஆலமரங்கள் நடைமேடை முழுக்க நிழல் போட்டிருக்கின்றன. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த ஸ்டேஷன். இறங்கி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்ததும் இயர்போனை மாட்டி ராத்திரிப் பதிவைப் போட்டேன். ஒரு மணி நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் அருமை. பறை, தாளம், புலவரின் குரல், எல்லாம் அதனதன் இடத்தில். அதற்கப்புறம் மெதுவாக ஒரு சத்தம் நுழைகிறது. பக்கத்துப் பெரியவரின் குறட்டை என்று நினைத்து ஃபார்வர்டு செய்தேன். அரை மணி நேரம் தாண்டியும் அதே சத்தம், இன்னும் கிட்டே, போன் இருந்த மடிக்கு நேர் மேலேயிருந்து. தூரத்தில் எங்கேயோ கும்பகர்ணனைத் தம்பி விபீஷணன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். இந்தச் சத்தமோ தாளம் தப்பாமல், மூன்று மூன்றாக.

வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினேன். "இதைக் கேக்கறதுக்கு எதுக்குங்க பாலக்காட்டுக்குப் போகோணும்? நான் முப்பது வருஷமா தினமும் கேக்கறனே" என்றாள். கொண்டாட்டத்தை வறுக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.